பாட்ஸ் உள்ளவர்களுக்கு இனிப்பாக எதையாவது குடித்தால் கிறுகிறுப்பு குறைவது ஏன்?

மல்லிகைப்பந்தல்

வணக்கம். எனக்கு 26 வயது, கோவை. ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும், கண் இருட்டிக்கொண்டு வரும். கடைசியில் டில்ட் டேபிள் டெஸ்ட் (மேசையில் படுக்க வைத்து, மேசையை நிமிர்த்தி நாடியும் பிரஷரும் பார்ப்பது) எடுத்துப் பார்த்து, பாட்ஸ் (POTS), அதாவது எழுந்து நின்றால் நாடி அளவுக்கு மீறி ஓடும் கோளாறு என்றார்கள். நாடி, பிரஷர் போன்றவற்றை நாம் நினைக்காமலே நடத்தும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் கோளாறுகளில் அதுவும் ஒன்று. தண்ணீரும் உப்பும் நிறையச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

என் கேள்வி இதுதான். கிறுகிறுப்பு வரும்போது வெறும் தண்ணீரை விட, சர்க்கரையும் உப்பும் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்தால் நன்றாகக் கேட்கிறது. சில நேரம் கோலா கூடக் கேட்கிறது. "சுகர் இறங்கியிருக்கும், அதான்" என்கிறார் அம்மா. பாட்டியின் குளுக்கோமீட்டரில் அந்த நேரத்திலேயே குத்திப் பார்த்தேன், 98 காட்டியது. சுகர் இறங்கவில்லை என்றால் இனிப்பு எப்படி உதவுகிறது? யாருக்காவது தெரியுமா?

ராஜபாளையம்_சேகர்

தங்கச்சி, மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். என் மனைவிக்கும் இதே மாதிரிதான். கடையில் வரிசையில் நிற்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிடுவாள். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, இது மூன்றும் சுகர் இறங்குவதன் அடையாளம்தானே?

வார்டு_சிஸ்டர்

சேகர் அண்ணா, நீங்கள் சொல்கிற மூன்றும் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் ஏறுவதன் அடையாளம். சுகர் இறங்கினாலும் அவை ஏறும். பாட்ஸ் உள்ளவர் எழுந்து நின்றாலும் ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் அந்த நேரத்திலேயே குத்திப் பார்ப்பது முக்கியம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கு "லோ சுகர்" என்று சொல்ல வேண்டுமானால் மூன்று விஷயம் ஒத்துப்போக வேண்டும்: அறிகுறி இருக்க வேண்டும், அதே நேரத்தில் அளவு 55க்குக் கீழே இருக்க வேண்டும், சர்க்கரை உள்ளே போய் அளவு ஏறியதும் அறிகுறி போக வேண்டும். தங்கைக்கு 98 என்றால் அது லோ சுகர் இல்லை. மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும்தான், ஆனால் 50ஐ 98 என்று காட்டாது.

இன்னொன்று. அக்காவை உட்கார வைத்துத்தானே குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கிறீர்கள்? உட்கார்ந்ததுமே காலில் தேங்கிய ரத்தம் திரும்ப ஆரம்பித்துவிடும். பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது.

ராஜபாளையம்_சேகர்

சரி சிஸ்டர், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறுமனே உட்கார வைப்பதற்கும் குளுக்கோஸ் கொடுப்பதற்கும் எங்கள் வீட்டில் வித்தியாசம் தெரிகிறது. தங்கச்சியும் தண்ணீரை விட ஜூஸ்தான் கேட்கிறது என்கிறார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உடலியல்_வாசு

நான் உடலியல் பாடம் நடத்துபவன், நோயாளி பார்க்கும் டாக்டர் இல்லை. சேகர் சொல்கிற வித்தியாசம் உண்மையானது. அதற்குக் காரணம் சிறுகுடலில் இருக்கிறது.

முதலில் பாட்ஸில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். யார் எழுந்து நின்றாலும் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் மார்புக்குக் கீழே, வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும் இதயத்துக்கு மேலுள்ள பெருந்தமனியிலும் இருக்கும் அழுத்த உணர்விகள் அதைக் கவனித்து, ரத்தக்குழாய்களைச் சுருக்கச் சொல்லும். நமக்குத் தெரியாமலே சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும். பாட்ஸ் உள்ளவர்களுக்கு அந்தச் சுருக்கம் போதாமல் போகலாம், அல்லது உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவே குறைவாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. இதயம் அதை ஈடுகட்ட ஓடுகிறது. நின்ற 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 30க்கு மேல் கூட வேண்டும், ரத்த அழுத்தம் பெரிதாக விழக்கூடாது, தொல்லை மாதக்கணக்கில் நீடித்திருக்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். 12 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 30 என்பது 40. ஆக, அந்த நேரத்தில் மூளைக்குப் போதாமல் போவது ரத்த ஓட்டம். அந்த ரத்தத்தில் சர்க்கரை இருக்க வேண்டிய அளவுக்கு இருக்கிறது, மல்லிகையின் 98 அதைத்தான் காட்டுகிறது.

அப்படியென்றால் தேவைப்படுவது ரத்தக்குழாய்க்குள் நீர். குடித்த தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது, பெரும்பாலும் உப்பின் பின்னாலேயே போவது. உப்பை உள்ளே இழுக்கும் வழிகளில் முக்கியமான ஒன்று எஸ்ஜிஎல்டி1 என்கிற புரதம். சிறுகுடல் சுவரில் இது ஒரு கதவு மாதிரி. ஒரு குளுக்கோஸும் இரண்டு சோடியமும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். தனித்தனியாக வந்தால் திறக்காது. சேர்ந்து உள்ளே போனதும் தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போகும். இதை முதன்முதலில் எடுத்துச் சொன்னவர் ராபர்ட் கிரேன் என்கிற உயிர்வேதியியலாளர், 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த கூட்டத்தில்.

காலரா வந்து நீரிழந்தவர்களைக் காப்பாற்றியது இந்தச் சேர்க்கைதான். 1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்கான் அகதி முகாமில் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்துக் குடிக்கக் கொடுத்தார். 30 சதவீதம் வரை போயிருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று நாம் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

மல்லிகையின் எலுமிச்சை ஜூஸில் சர்க்கரையும் இருக்கிறது, உப்பும் இருக்கிறது. கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மல்லிகைப்பந்தல்

ஐயா, இவ்வளவு நாளாக யாரும் இப்படிச் சொல்லவில்லை. மிக்க நன்றி. ஆனால் கோலாவில் உப்பு கிடையாதே? அது ஏன் கேட்கிறது? அதுவும் குடித்துச் சில நிமிடத்திலேயே கொஞ்சம் தெளிகிறது. குடலில் உறிஞ்ச அவ்வளவு சீக்கிரம் நேரம் எங்கே?

உடலியல்_வாசு

நல்ல கேள்வி. சில நிமிடத்தில் வருகிற தெளிவுக்கு வேறு காரணங்கள் உண்டு.

வயிறு விரிந்தாலே அனிச்சையாக ரத்தக்குழாய்கள் கொஞ்சம் சுருங்கும். குளிர்ந்த பானம் உள்ளே போனால் அதுவும் சேர்ந்துகொள்ளும். கோலாவில் கஃபீன் இருக்கிறது, அது ரத்தக்குழாயை விரிய வைக்கும் அடினோசினைத் தடுக்கும். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும் என்பதால் முதல் சில நிமிடத்தின் பெருமை அதற்குப் போகாது. அப்புறம் சிஸ்டர் சொன்ன மாதிரி, பாட்டிலைத் திறக்கும்போதே நாம் உட்கார்ந்திருப்போம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, வெறும் தண்ணீருக்கே தனியாக ஒரு வேகம் இருப்பது. 2000ஆம் ஆண்டில் ஜென்ஸ் ஜோர்டனும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுவும், தன்னியக்க நரம்பு செயலிழந்த நோயாளிகள் 480 மி.லி. தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறுவதைப் பதிவு செய்தார்கள். குடித்து 5 நிமிடத்தில் ஏறத் தொடங்கி, அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கும். மேல் எண் 30 புள்ளிக்கு மேல் ஏறியவர்களும் உண்டு. பாட்ஸ் உள்ளவர்களுக்கும், தண்ணீர் குடித்த பிறகு நிற்கும்போது நாடி அவ்வளவு ஓடுவதில்லை. குடலிலிருந்து ரத்தம் நீர்த்துப்போய் ஈரல் பக்கம் வருவதைக் கல்லீரலை ஒட்டிய உணர்விகள் கண்டுகொண்டு, ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளைத் தூண்டுவதாக விளக்குகிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது: உப்போ சர்க்கரையோ சேர்த்து அடர்த்தியாக்கினால் இந்தத் தூண்டுதல் குறைந்துவிடும்.

அதனால் உடனடித் தூண்டுதலுக்கு வெறும் தண்ணீர், நீர் உடம்பில் தங்குவதற்கு உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்தது. இரண்டுக்கும் வேலை வேறு வேறு. 330 மி.லி. கோலாவில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை, சோடியம் பேருக்குத்தான். ரத்தத்தை விட அடர்த்தி மிக அதிகம் என்பதால், முதலில் குடலே ரத்தத்திலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தெளிவு வந்த பிறகு மறுபடி தள்ளாடுகிறதா என்று பாருங்கள்.

கீதா_டொராண்டோ

மறுபடி தள்ளாடும். எனக்கும் பாட்ஸ்தான். கர்ப்பமாக இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கத் தந்து சுகர் பார்ப்பார்களே, அன்றைக்குப் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தேன். அரை மணி நேரம் போனதும் முகமெல்லாம் சூடு, நெஞ்சு அடித்துக்கொண்டது, கதிரையில் இருக்கவே முடியவில்லை. லேப்பில் இருந்த பிள்ளை என்னைப் படுக்க வைத்துத்தான் அடுத்த ரத்தத்தை எடுத்தாள். ரிசல்ட்டில் சுகர் நார்மல்.

பிறகு என்னுடைய ஸ்பெஷலிஸ்டிடம் கேட்டேன். இதை வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2022இல் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னார். பாட்ஸ் உள்ளவர்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்த்தபோது, நிற்கும்போது நாடி இன்னும் கூடியது, அறிகுறிகளும் கூடின. சர்க்கரை குடலுக்கு வந்ததும் ஜிஐபி என்கிற ஹார்மோன் சுரக்கும், அது வயிற்றுப் பகுதி ரத்தக்குழாய்களை விரித்துவிடும். ரத்தம் அங்கே போய்த் தங்கிவிட்டால் தலைக்கு எங்கே மிஞ்சும்? அதற்குப் பிறகு நான் ஒரு பெரிய கிளாஸ் இனிப்பு குடிப்பதே இல்லை. உப்புத்தான் எனக்குத் துணை. சோறு, ரொட்டி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுகிறேன்.

ராஜபாளையம்_சேகர்

கீதா அம்மா சொன்னதைப் படித்ததும் ஒன்று புரிகிறது. மனைவி குளுக்கோஸ் குடித்துத் தெளிந்து, வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அசந்து படுத்துவிடுவாள். களைப்பு என்று நினைத்தோம்.

அப்பாவின்_பிள்ளை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 71 வயது. பார்கின்சன், கூடவே சர்க்கரையும் உண்டு. மதியம் சாப்பிட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிகிறார். பக்கத்து வீட்டில் எல்லாரும் "சுகர் மாத்திரை போட்டிருக்கார், இறங்கியிருக்கும்" என்று சர்க்கரைத் தண்ணீரைக் கொடுக்கிறார்கள். கொடுத்தால் இன்னும் மோசமாகிறது. இங்கே பேசுவது அவருக்கும் பொருந்துமா?

வார்டு_சிஸ்டர்

தம்பி, உங்கள் அப்பாவுக்கு இது பாட்ஸ் மாதிரி இல்லை. சாப்பிட்ட பிறகு பிரஷர் விழுகிறது என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்குப் பின் 2 மணி நேரத்துக்குள் மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அதற்கு உணவுக்குப் பிந்தைய தாழ் அழுத்தம் என்று பெயர். பார்கின்சனிலும், நாள்பட்ட சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர்களுக்கும் அடிக்கடி பார்க்கிறோம். இதை அதிகம் கிளப்புவது மாவுச்சத்து, அதிலும் குளுக்கோஸ். அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான்.

ஆனால் அவர் சுகர் மாத்திரை போடுபவர் என்பதால், சரிந்த உடனே முதலில் படுக்க வைத்துக் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கொடுத்தே ஆக வேண்டும், அதில் யோசிக்க இடமில்லை. மீட்டர் கையில் இல்லை என்றாலும் கொடுத்துவிடுங்கள், சுகர் மிகவும் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108க்குக் கூப்பிடுங்கள். 70க்கு மேலே இருந்தால் பிரஷர் பாருங்கள். சாப்பிடும் முன் ஒரு தடவை, சாப்பிட்டு அரை மணியில், ஒரு மணியில், ஒன்றரை மணியில். அதை எழுதிக்கொண்டு போய் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மல்லிகைப்பந்தல்

அப்போது நான் என்னதான் குடிப்பது? மெடிக்கலில் ஓஆர்எஸ் கேட்டால் ஆரஞ்சு சுவை டெட்ரா பேக் ஒன்றைக் கொடுத்தார்கள். நல்ல தித்திப்பு.

வார்டு_சிஸ்டர்

அது ஓஆர்எஸ் இல்லை, அந்தப் பெயரில் விற்ற ஜூஸ். எங்கள் வார்டில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளுக்கு அதைக் கொடுத்து, போக்கு கூடி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருஷம் விடாமல் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் இல்லாத எதற்கும் ஓஆர்எஸ் என்று பெயர் போடக்கூடாது என்று உத்தரவு போட்டது. இருந்தாலும் வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9. இந்த நான்கு எண்ணும் இருந்தால் அதுதான்.

லிட்டருக்கு 13.5 கிராம் என்பது மூன்று டீஸ்பூன் சர்க்கரை அளவு. கடை ஜூஸில் ஒரு கிளாஸுக்கே அதைவிட அதிகம் போடுவார்கள். கதவைத் திறக்கத் தேவையான சர்க்கரை இவ்வளவு குறைவு என்பதை எல்லாரும் கவனியுங்கள்.

கலக்கும்போது ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் மொத்தமாகக் கரையுங்கள். அரை பாக்கெட்டை ஒரு டம்ளரில் போடுவது, மேலே சர்க்கரை சேர்ப்பது, இரண்டும் வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

உடலியல்_வாசு

சிஸ்டருடன் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் பாட்ஸ் உள்ள இளவயதினரிடம் 2019இல் வெளிவந்த ஆய்வில், ஓஆர்எஸ் குடித்ததும் அவர்களால் தாங்கி நிற்க முடிந்த அளவு, கையில் சலைன் ஏற்றிக்கொண்டபோது கிடைத்ததற்குக் குறையவில்லை. மாதம் தவறாமல் சலைன் ஏற்றிக்கொள்ளப் போகிறவர்கள் டாக்டரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஊசிக் குத்தும் மிச்சம், செலவும் மிச்சம்.

வேப்பம்பூ

ஓஆர்எஸ் வாசனையே எனக்கு ஒத்துக்கொள்ளாது. இளநீர், நீர்மோர், கஞ்சி, இவையெல்லாம் எப்படி? எங்கள் வீட்டில் கோடை முழுக்க இவைதான் ஓடும்.

உடலியல்_வாசு

இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. பாட்ஸுக்கு வேண்டியது சோடியம். இளநீரை மட்டும் நம்பினால் போதாது, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குடிக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

உப்புப் போட்ட நீர்மோர் எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. பாலில் உள்ள லாக்டோஸ் உடையும்போது குளுக்கோஸும் காலக்டோஸும் கிடைக்கும். இரண்டுமே அந்த எஸ்ஜிஎல்டி1 வழியாகத்தான் சோடியத்தோடு போகும். பழச்சாற்றில் இருக்கும் ஃபிரக்டோஸ் வேறு வழியில் போவது, அது சோடியத்தைக் கூட்டிக்கொண்டு போகாது. அதனால்தான் ஆப்பிள் ஜூஸ் குடித்துவிட்டு "சர்க்கரைதானே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

கஞ்சியைப் பற்றி விரிவாகவே சொல்ல ஆசை. காலரா நோயாளிகளுக்கு அரிசி மாவில் செய்த ஓஆர்எஸ் நன்றாக வேலை செய்தது. காரணம், மாவுச்சத்தின் ஒரு பெரிய துகளில் ஏராளமான குளுக்கோஸ் கோத்துக் கிடக்கிறது. கரைசல் அடர்த்தியாகாது, ஆனால் குடலில் உடைய உடைய குளுக்கோஸ் வந்துகொண்டே இருக்கும். தெளிவான வடிகஞ்சியில் உப்புப் போட்டு, ஆறவைத்து, சிறிது சிறிதாகக் குடிப்பதில் நியாயம் இருக்கிறது. கெட்டியாக ஒரு சட்டி கஞ்சியைக் குடித்தால் அது சாப்பாட்டுக்குச் சமம், கீதா சொன்ன தொல்லை வரும். சூடாகக் குடித்தாலும் ரத்தக்குழாய் விரியும்.

வேப்பம்பூ

அருமை சார். அம்மாவிடம் இன்றே சொல்கிறேன்.

வார்டு_சிஸ்டர்

உப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பாட்ஸுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் வரை, சில சமயம் அதற்கு மேலும் உப்பு, 2 முதல் 3 லிட்டர் நீர் என்று நிபுணர்கள் சொல்வது உண்டு. அது அந்த நோய் உறுதியானவர்களுக்கு, டாக்டர் பார்வையில். பிரஷர், இதயம், சிறுநீரகம், கர்ப்பம் என்று ஏதாவது இருந்தால் கணக்கே வேறு. வீட்டில் பாட்ஸ் உள்ள பெண்ணுக்குப் போடும் உப்பு மோரையே பிரஷர் மாத்திரை போடும் மாமனாருக்கும் ஊற்றாதீர்கள்.

தலைசுற்றல் எல்லாமே பாட்ஸும் அல்ல. ஓடும்போதோ படி ஏறும்போதோ மயங்கி விழுவது, நெஞ்சுவலியோடு விழுவது, குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணம், மலம் கறுப்பாகப் போவது, இதில் எது இருந்தாலும் ஜூஸ் குடித்துவிட்டு வீட்டில் இருக்கக்கூடாது. உப்புக்கு நாக்கு ஏங்குகிறது, எடை குறைகிறது, தோல் கறுக்கிறது, சுகரும் பிரஷரும் சேர்ந்து இறங்குகிறது என்றால் அட்ரினல் சுரப்பியைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை நேரக் கார்டிசால் ரத்தப் பரிசோதனை என்று கேட்டால் புரியும்.

பாட்ஸுக்குப் புரோப்ரனலால் என்கிற, நாடித்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் சிலருக்குச் சர்க்கரை நோயும் இருக்கும். அந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், சுகர் இறங்கினாலும் தெரியாது. வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

மல்லிகைப்பந்தல்

இங்கே சொன்னதை வைத்து வீட்டில் செய்து பார்த்தேன். காலையில் படுக்கையில் நாடி 74. எதுவும் குடிக்காமல் சுவரில் சாய்ந்து நின்று 10ஆவது நிமிடம் 121. எழும் முன் இரண்டு டம்ளர் வெறும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு நின்ற நாளில் 104. கோலா குடித்த நாளில் முதலில் 108 இருந்தது, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்ப நின்றபோது 126. அதுவும் வயிற்றில் ஒரு பொருமல். ஓஆர்எஸ் குடித்த நாளில் முதலில் 112தான், ஆனால் முக்கால் மணி கழித்தும் 106லேயே இருந்தது. அம்மாவும் கூடவே நின்று பார்த்தார், விழாமல் பிடிக்க. இப்போது எழும் முன் தண்ணீர், பத்து மணி வாக்கில் உப்பு மோர், வெளியே போகும் நாளில் பாட்டிலில் ஓஆர்எஸ். அடுத்த தடவை டாக்டரிடம் இந்த நோட்டைக் கொண்டுபோகிறேன்.

உடலியல்_வாசு

ஒருவருடைய சில நாள் அளவு என்பதால் எல்லாருக்கும் இதே எண் வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் போக்கு எதிர்பார்த்த மாதிரியே இருக்கிறது. மாதவிடாய் நாட்களில் எண் மாறலாம், அதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

ராஜபாளையம்_சேகர்

மனைவிக்கும் டில்ட் டேபிளுக்கு மதுரையில் நாள் வாங்கிவிட்டேன். கடைக்குப் போகும்போது வரிசையில் நிற்க நேர்ந்தால் என்ன செய்வது சிஸ்டர்? பாட்டிலைத் திறக்கக் கூட நேரம் இருக்காது.

வார்டு_சிஸ்டர்

ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் பின்னி, தொடையையும் பின்பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். இரண்டு கை விரல்களையும் கோத்து எதிரெதிராக இழுக்கலாம். தேங்கிய ரத்தத்தைத் தசை மேலே பிழிந்து அனுப்பும், சில நொடியிலேயே தெரியும். அதற்கும் அடங்கவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் தரையில் உட்கார்ந்துவிட வேண்டும்.

அப்பாவின்_பிள்ளை

சிஸ்டர் சொன்னபடி எழுதிக்கொண்டு போனோம். சாப்பிடும் முன் 138, ஒரு மணி நேரத்தில் 96. சுகர் 160க்கு மேல். டாக்டர் பார்த்ததும் மதியச் சோற்றைப் பாதியாக்கி மூன்று மணிக்கு மீதியைக் கொடுக்கச் சொன்னார். சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர். மாவுச்சத்து மெதுவாகச் செரிக்க அகார்போஸ் மாத்திரையும் எழுதியிருக்கிறார், சுகருக்கும் அதுவே ஆகும் என்றார். ராத்திரி படுக்கும் முன்பும் அந்த இரண்டு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாமா?

வார்டு_சிஸ்டர்

வேண்டாம் தம்பி. பார்கின்சனில் பகலில் நிற்கும்போது பிரஷர் விழும், படுத்தால் ஏறும். அந்தத் தண்ணீர் படுத்திருக்கும்போது இன்னும் ஏற்றிவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குள் மொத்தமாகக் குடிக்க வேண்டாம், மாத்திரைக்கு ஒரு மிடறு போதும். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வையுங்கள். அகார்போஸ் போடும்போது சுகர் இறங்கினால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பவுடரையே கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்து வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.